நடு இரவில் டாக்டரை எழுப்பலாமா? செவிலியர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களை மொத்தமாக உட்கார்ந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மனதுக்குள் தெரிந்தே இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் நமக்கு என்ன ஆகும் என்ற இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். அதனால் என் பதில்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; பெயர், ஊர், மருத்துவமனை எதையும் வெளியிடவில்லை.

கேள்வி: சிஸ்டர், நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு நோயாளியைப் பார்த்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பிபி, பல்ஸ் எல்லாம் பரவாயில்லை, மூச்சு மட்டும் வேகமாக இருந்தது. டாக்டருக்கு போன் செய்தேன். "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க, தெளிவா சொல்லத் தெரியாதா?" என்று கத்திவிட்டார். இப்போது போனை எடுக்கவே பயமாக இருக்கிறது. இனி இப்படி நடந்தால் விடியும்வரை பார்த்துவிட்டுச் சொல்லலாமா?

பதில்: விடியும்வரை காத்திருக்கவே கூடாது. நீங்கள் பார்த்தது சின்ன விஷயமே இல்லை. உடல்நிலை மோசமாகும்போது பல நோயாளிகளிடம் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான், பிபி இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பிரிட்டனில் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கு மட்டுமே 3 மதிப்பெண். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அவசரமாக வந்து பார்க்கச் சொல்கிறது. ஆனால் நம் வார்டுகளில் எல்லாருக்கும் 20, 20 என்று எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து ஒரு முழு நிமிடம் நின்று எண்ணுங்கள். எண்ணி எழுதிய எண் கையில் இருந்தால் குரலும் தடுமாறாது.

அவர் கத்தியது தவறு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தூக்கத்திலிருந்து எழுகிறவர் காதில் "டாக்டர், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று விழுந்தால் அவருக்கும் ஒன்றும் புரியாது. இதற்காகவே ஒரு வரிசை இருக்கிறது, எஸ்பிஏஆர் என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட முறை அது, 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக நம் தொழிலுக்குள் வந்தது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கும் இதே வரிசையில் வர வேண்டும். பேசிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

"டாக்டர், சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 12-ஆம் பெட் நோயாளிக்கு அரை மணி நேரமா மூச்சு நிமிஷத்துக்கு 28. நேத்து குடல் ஆபரேஷன் முடிஞ்சவர், 64 வயசு, சர்க்கரை இருக்கு. ஆக்சிஜன் 97 இருந்தது, இப்ப 93. பல்ஸ் 108, பிபி 110-க்கு 70, காய்ச்சல் 38.1. நுரையீரல்ல ஏதோ ஆரம்பிக்குதோன்னு நினைக்கிறேன். நீங்க வந்து பார்க்கணும். அதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கட்டும்?"

முக்கால் நிமிடம்கூட ஆகாது. போன் செய்வதற்கு முன்னால் கேஸ் ஷீட்டும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும், அலர்ஜி என்ன என்று பார்த்து வையுங்கள். நான்காவது பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்தவர்கள் மூன்று வரைக்கும் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள், எதிர்முனையில் "சரி, பார்த்துக்கோங்க" என்று வைத்துவிடுகிறார்கள். வர வேண்டும் என்றால் "வர வேண்டும்" என்றே சொல்ல வேண்டும்.

போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டுங்கள், எண்களை ஒவ்வொரு இலக்கமாக. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் அரைத் தூக்கத்தில் ஒரே மாதிரிதான் கேட்கும். "ஒன்று, ஐந்து, பதினைந்துதானே டாக்டர்?" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரக் கூடாது, வந்தாலும் பரவாயில்லை.

அப்படியும் வரவில்லை என்றால்? இன்னொரு முறை கூப்பிட்டு, "எனக்குக் கவலையாக இருக்கிறது, இந்த நோயாளி இப்போது பாதுகாப்பாக இல்லை" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நைட் சூப்பர்வைசர், அவருக்கு மேலே உள்ள டாக்டர், அவசரக் குழு இருந்தால் அந்தக் குழு. எத்தனை மணிக்கு யாரிடம் என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதுவதால் நோயாளிக்கும் பயன் இல்லை, உங்களுக்கும் பயன் இல்லை.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு பேர் எங்கள் வார்டில் இருந்தார்கள். நேற்று ஒருவருடைய பிபி மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியாது. கூட வேலை செய்கிற தோழி, "ஒண்ணும் ஆகலைல்ல, விடு" என்கிறாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ?

பதில்: சொல்லிவிடுங்கள். நேற்று நடந்தது என்றாலும் இன்று சொல்லலாம், தாமதமாகச் சொல்வது சொல்லாமலே இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

முதலில் நோயாளி. "ஒன்றும் ஆகவில்லை" என்பது நீங்களும் தோழியும் எடுத்த முடிவு, அதை எடுக்க வேண்டியவர் டாக்டர். சில பிபி மாத்திரைகள் ஒரு நாளைக்கு மேலும் வேலை செய்யும். அவருக்கு ஏற்கெனவே பிபி குறைவாக இருந்தால், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், எழுந்து பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழலாம், விழுந்தவர் ஏன் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாமல் வேறு பரிசோதனையெல்லாம் நடக்கும். அதனால் போய் பிபி, பல்ஸ் பாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், சொல்கிறபடி கண்காணியுங்கள். மாத்திரை யாருடையதோ, அந்த நோயாளிக்கு நேற்றைய டோஸ் கிடைத்ததா என்பதையும் பாருங்கள். பல நேரம் அவரை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

அப்புறம் எழுத்து. கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பிபி எவ்வளவு இருந்தது, யாரிடம் எப்போது சொன்னீர்கள். இன்று எழுதுகிறீர்கள் என்றால் இன்றைய தேதி, நேரம் போட்டு, தாமதமாக எழுதுவதாகவே குறிப்பிட வேண்டும். பழைய பக்கத்தில் இடைவெளி தேடிச் செருகக் கூடாது. வெள்ளை மை, அடித்து அழிப்பது, பக்கத்தை மாற்றி எழுதுவது இதெல்லாம் கூடவே கூடாது, தவறாகக் கொடுத்த மாத்திரையைவிட அதுதான் உங்களைக் கீழே இறக்கும். சம்பவ அறிக்கைப் படிவம் இருந்தால் தனியாக நிரப்பிக் கொடுங்கள். அதில் "கவனக்குறைவால்" என்று உங்களையே தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம், "வேலைப்பளுவால்" என்று வாதாடவும் வேண்டாம். ஒரே பெயரில் இருவர் இருந்தார்கள், பெட் இத்தனை, மருந்து நேரத்தில் இத்தனை நோயாளிகள், கையில் கட்டிய பட்டையைப் பார்த்தேன் அல்லது பார்க்கவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நோயாளியிடமும் சொல்ல வேண்டும். அதை டாக்டரும் வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜும் சேர்ந்து செய்வது நல்லது, நீங்கள் தனியாகப் போய் நிற்க வேண்டாம்.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். போகவே போகாது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. தவறைச் சொன்னவரைத் தண்டிக்கும் இன்சார்ஜ்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அது அநியாயம். ஆனால் தானாக வந்து சொன்ன தவறையும், மறைத்துப் பின்னால் அம்பலமான தவறையும் எந்த விசாரணையிலும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். இன்னொன்று, அந்த இரண்டு பேரும் ஒரே பெயரில் இன்னும் அதே வார்டில்தானே இருக்கிறார்கள்? இன்று டியூட்டிக்கு வருகிற பெண்ணுக்கும் அதே குழி காத்திருக்கிறது. உங்கள் அறிக்கை போனால் அட்டையில் எச்சரிக்கை ஒட்டுவார்கள், ஒருவரை வேறு அறைக்கு மாற்றுவார்கள்.

மருந்து கொடுக்கும்போது நம்மை எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஜோஹானா வெஸ்ட்புரூக் குழுவினர், செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறு சுமார் 12 சதவீதம் கூடியது. ஒரு மருந்து கொடுப்பதற்குள் நான்கு முறை குறுக்கிட்டால் பெரிய தவறு நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதனால் மருந்து ட்ராலியோடு நிற்கும்போது "ரெண்டு நிமிஷம், முடிச்சிட்டு வரேன்" என்று சொல்வது திமிர் கிடையாது. பெயரோடு இன்னொரு அடையாளமும் பாருங்கள், பிறந்த தேதியோ மருத்துவமனை எண்ணோ. "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்காதீர்கள், மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றிலும் இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் விடையைச் சொல்லி அவர் "ம்" கொட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இன்சுலின் எழுதும்போது யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் 4-க்குப் பக்கத்தில் யூ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு அது 40 ஆகப் படிக்கப்பட்ட சம்பவங்கள் உண்டு.

தூக்கம் வராதது பற்றி. தவறில் சிக்கிய மருத்துவப் பணியாளரையும் பாதிக்கப்பட்டவராகவே பார்க்க வேண்டும் என்று 2000-இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார், அதன் பிறகுதான் பல மருத்துவமனைகள் இதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தன. நம்பிக்கையான ஒரு சீனியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "விடு" என்று சொன்ன தோழி கெட்டவள் இல்லை, பயந்தவள். இன்று போய்ச் சொல்லும்போது அவளையும் துணைக்குக் கூட்டிப்போகலாம்.

கேள்வி: பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டது. இன்சார்ஜ், "கை கழுவிட்டு வேலையைப் பாரு, எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றார். நேற்று மாலை நடந்தது. என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு இந்தப் பகுதி வெளிவருவதற்கு முன்பே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்க வேண்டாம், ப்ளீச் ஊற்ற வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரிடமோ அவசரப் பிரிவிலோ காட்டுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதே நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை; ஆரம்பித்தால் 28 நாள் சாப்பிட வேண்டும். எச்ஐவி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமி தொற்ற 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எல்லாரும் எச்ஐவிக்குப் பயந்துகொண்டு பி-யை மறந்துவிடுகிறார்கள். தடுப்பூசி முழுதாகப் போட்டீர்களா, போட்ட பிறகு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்த்தீர்களா? அது லிட்டருக்கு 10 யூனிட்டாவது இருக்க வேண்டும். ஊசி யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் அவர் சம்மதத்தோடு அவருக்கும் பரிசோதனை. உங்களுக்கு அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொல்லும் இடைவெளிகளில் மறுபடியும். குத்திய தேதி, நேரம், எப்படி நடந்தது என்று எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது வந்தால் வேலையில்தான் வந்தது என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். எல்லாருக்கும் நடப்பதுதான் என்றால் எல்லாருக்கும் பதிவு இருக்க வேண்டும் என்று அந்த இன்சார்ஜிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சீனியர்கள் என்னிடம் பேசுவதே இல்லை. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு ரவுண்ட்ஸில் டாக்டர் முன்னால் "இதுகூடத் தெரியாதா?" என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் டியூட்டி லிஸ்டில் பழிவாங்குகிறார்கள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையைவிட்டுப் போவது கடைசியில் உங்கள் முடிவு, அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றிரண்டு செய்து பாருங்கள்.

கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பேசாமல் இருப்பது ஒன்று, ஹேண்ட் ஓவரில் மறைப்பது இன்னொன்று. பேசாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், எல்லாரும் நமக்குச் சிநேகிதர்களாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஹேண்ட் ஓவரில் மறைப்பதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது, அதில் அடிபடுபவர் படுக்கையில் இருப்பவர். அதனால் ஹேண்ட் ஓவரை நர்ஸ் ஸ்டேஷனில் வாங்காமல் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் வாங்குங்கள். ட்ரிப் எது ஓடுகிறது, எவ்வளவு மீதி, உடம்பிலிருந்து திரவத்தை வெளியேற்றும் டிரெயின் குழாயில் எவ்வளவு வந்தது, எந்தப் பரிசோதனை ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது, அடுத்த மருந்து எப்போது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு நீங்களே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று பொய் சொல்வது, சொல்லாமல் விடுவதைப்போல் அவ்வளவு சுலபம் இல்லை.

ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டாம். அன்றைக்கே தனியாகப் போய், "அக்கா, எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது. தப்பு இருந்தா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள், உண்மையிலேயே அவர்களுக்கே தெரியாமல் தங்கள் சீனியர்களிடம் பட்டதைத் திருப்பித் தந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள். நிறுத்தாத மீதிப் பேருக்குத் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், நோட்டு வீட்டில் இருக்கட்டும், நோயாளி பெயர் அதில் வேண்டாம். பிறகு அதை எடுத்துக்கொண்டு நர்சிங் கண்காணிப்பாளரிடம் போங்கள். "என்னைப் பிடிக்கவில்லை" என்று போனால் சமாதானம் சொல்லி அனுப்புவார்கள். "இந்தத் தேதியில் ரத்தம் ஏற்ற வேண்டிய விஷயம் ஹேண்ட் ஓவரில் வரவில்லை" என்று போனால் கேட்டே ஆக வேண்டும்.

இதைப் படிக்கும் சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இலேயே எழுதினார், ஒரு செவிலியர் ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருடம் இருந்த பிறகுதான் தன் வேலையைத் தானே திட்டமிடும் திறன் வருகிறது என்று. ஆறு மாதத்தில் எல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கேள்வி: வார்டில் நான் ஒருவன்தான் ஆண் செவிலியர். யாரைத் தூக்க வேண்டும் என்றாலும் "பிரதர்!" என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இடுப்பு வலி ஆரம்பித்துவிட்டது.

பதில்: தம்பி, ஆண் என்பதற்காக முதுகெலும்பு இரும்பால் செய்ததில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கைத் திருத்தி 2007-இல் தந்த வரம்பு, நோயாளியைக் கையால் தூக்குவதற்கு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால். 60 கிலோ உள்ள ஒரு பெரியவரின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அதாவது முழு ஆளைத் தூக்குவது யாருக்குமே பாதுகாப்பு இல்லை. நோயாளியை வழுக்கி நகர்த்த உதவும் ஸ்லைடு ஷீட், தூக்கும் கருவி இருந்தால் அவற்றை எடுத்து வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு பேர் வரும்வரை தொடாதீர்கள். படுக்கையை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், ஏற்ற ஐந்து விநாடி ஆகும் என்று அவசரத்தில் எல்லாரும் குனிந்து நிற்கிறோம். வலியை இப்போதே மருத்துவரிடம் காட்டி, வேலையால் வந்தது என்று பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: வார்டில் ஆள் போதவில்லை. ஒருவர் லீவு போட்டால் அவருடைய நோயாளிகளும் என் தலையில்தான். முடியாது என்றால் "அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்கிறார்கள். ஏதாவது நடந்தால் பொறுப்பு என் மேல்தானே?

பதில்: பொறுப்பு உங்கள் மேல் மட்டும் விழாமல் இருக்க வேண்டும் என்றால் ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். நடந்த பிறகு சொன்னால் சாக்குப்போல் கேட்கும்.

எழுதுவது நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இன்று இரவு ஷிஃப்டில் இத்தனை நோயாளிகளுக்கு நான் ஒருவர். இவர்களில் இரண்டு பேர் ஆக்சிஜனில், ஒருவருக்கு ரத்தம் ஏறுகிறது. ஒவ்வொருவரையும் உரிய இடைவெளியில் பார்க்க இயலாது. உதவிக்கு ஆள் தேவை." இவ்வளவுதான். இன்சார்ஜுக்கு வாட்ஸ்அப்பிலாவது போட்டு வையுங்கள், ஆனால் அதில் நோயாளி பெயர் போடாதீர்கள். கூடவே ஒரு வழியும் கேளுங்கள்: வேறு வார்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருவர், புதிய அட்மிஷனை வேறு வார்டுக்கு அனுப்புவது, மருந்து நேரத்துக்கு மட்டும் ஒரு துணை. வெறும் "முடியாது"க்கு "அட்ஜஸ்ட்" என்று பதில் வந்துவிடும். "இதைச் செய்தால் முடியும்" என்று கேட்டால் அவர்கள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். எது எப்படி இருந்தாலும் பொறுப்பேற்ற நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், சட்டப்படி அதுதான் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இது உங்கள் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவின் ஆய்வைக் காட்டுங்கள். 2002-இல் வந்தது, பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அதில் தெரிந்தது. மருத்துவமனை நிர்வாகிகள் எல்லாரும் தங்கள் மேசைமேல் ஒட்டி வைக்க வேண்டிய எண் அது. தனி ஒருவராகக் கேட்பதைவிட வார்டில் எல்லாரும் கையெழுத்திட்டு, மாதம் முழுக்கக் குறைந்த ஆட்களோடு ஓடிய ஷிஃப்ட்களைக் கணக்கெடுத்துக் கொடுப்பது வலுவானது. சங்கம் இருந்தால் அதன் வழியாக.

கேள்வி: நைட் டியூட்டி முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை. வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது.

பதில்: இரண்டாவது வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இருக்கும் என்று 1997-இல் டாசன், ரீட் இருவரும் செய்த ஆய்வு காட்டியது. சொக்கினால் ஓட்டாதீர்கள். மருத்துவமனையிலேயே இருபது நிமிடம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லை யாரையாவது வரச் சொல்லுங்கள்.

காபி, டீ ஷிஃப்டின் முதல் பாதியோடு நிற்கட்டும். குடித்ததில் பாதி உடம்பில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் இருக்கும், காலை நாலு மணிக்குக் குடித்தால் ஒன்பது மணிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, அறையில் கனமான திரை, போன் வேறு அறையில். வீட்டில் இருப்பவர்களிடம் உங்கள் பகல் தூக்கம் அவர்களுடைய ராத்திரித் தூக்கத்துக்குச் சமம் என்று ஒரு முறை உட்கார வைத்துச் சொல்லுங்கள், பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்ததே இல்லை. ஷிஃப்ட்களுக்கு இடையில் இடைவெளி எவ்வளவு தருகிறார்கள் என்றும் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே செவிலியர்களுக்குக் குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாலை ஷிஃப்ட் முடித்தவரை மறுநாள் காலைக்கே போடும் லிஸ்டைப் பார்த்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் ஒருவர் பெரிய தொகை கேட்கிறார், ஒரிஜினல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிடச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் அடிப்படை விதி. சில நாடுகள் விலக்கு கொடுத்திருக்கலாம், அப்போதும் ரசீது இல்லாத பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாக அதே அமைப்பு வைத்திருக்கிறது. சான்றளித்த நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டு உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி உரிமம் பெற்றதா என்று அரசுப் பட்டியலில் பாருங்கள். வேலை தரும் மருத்துவமனைக்கு நேரடியாக எழுதி, இந்த வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், எந்தப் பதவி, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற நான்கையும் உங்களுக்குப் புரியும் மொழியில் படித்த பிறகே கையெழுத்து. பதவியை நன்றாகப் பாருங்கள், செவிலியர் என்று கூட்டிப்போய் உதவியாளராக வைக்கும் கதை புதிது இல்லை. என்க்ளெக்ஸ் (செவிலியர் உரிமத் தேர்வு), ஓஇடி (மருத்துவப் பணியாளருக்கான ஆங்கிலத் தேர்வு) மாதிரியான தேர்வுகளை எழுதாமலே பாஸ் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். திரும்ப வர ஆசை. எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று பயம். என்னைவிடச் சின்னவர்கள் இன்சார்ஜாக இருப்பார்கள். என்னால் முடியுமா?

பதில்: முடியும். முதலில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று நர்சிங் கவுன்சிலில் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் புதுப்பிக்க என்ன கேட்கிறார்கள், மறுபயிற்சி வேண்டுமா என்று கேட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சியை மறுபடி செய்துவிடுங்கள், ஆறு வருடத்தில் வழிகாட்டுதல் மாறியிருக்கும், அந்தச் சான்றிதழ் விண்ணப்பத்திலும் உதவும். ட்ரிப் வேகக் கணக்கு, மருந்து அளவுக் கணக்கு இரண்டையும் தினமும் கொஞ்சம் வீட்டில் போட்டுப் பாருங்கள், அது ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். கைத்திறன் மறக்காது. மறப்பது மருந்துப் பெயர்களும் கணினியும்தான், ஏனென்றால் அவை மாறிவிட்டன.

நேர்காணலில் இடைவெளியை மறைக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதலில் எத்தனை வாரம் இன்னொருவரோடு சேர்ந்து வேலை செய்வேன், எப்போதிலிருந்து தனியாக நோயாளிகளைத் தருவீர்கள்? "நாளைக்கே தனியாக" என்று சொல்லும் இடத்துக்கு எவ்வளவு சம்பளம் தந்தாலும் போகாதீர்கள். நேராக ஐசியூவுக்கு ஓடாமல் புறநோயாளிப் பிரிவு, டயாலிசிஸ், பகல்நேர அறுவை சிகிச்சை என்று நோயாளி வரத்து ஓரளவு முன்கூட்டியே தெரிந்த இடத்தில் ஆரம்பித்தால் பயம் குறையும், குழந்தைகளின் பள்ளி நேரத்துக்கும் ஒத்துவரும். சின்னவர் இன்சார்ஜாக இருந்தால் முதல் நாளே போய், "ஆறு வருஷம் கழிச்சு வரேன், இந்த மிஷின் எனக்குப் புதுசு, ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டுவிடுங்கள்.